எழுபது வருஷம் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் வாலிபர் வேதபாட வகுப்பை நான் நடத்துகிறேன். இரண்டு மாதமாக எரேமியா போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம் 25-ஆம் அதிகாரம், எழுபது வருஷம் பாபிலோன் ராஜாவைச் சேவிப்பார்கள் என்ற பகுதி. என் வேதாகம அகராதியில் எருசலேம் அழிந்தது கி.மு. 586, கோரேஸ் ராஜா யூதர்களை விடுவித்தது 538 என்று இருக்கிறது. ஒரு கல்லூரி மாணவி எழுந்து போய் போர்டில் கழித்துக் காட்டிவிட்டாள். 48 வருகிறது. மீதி 22 எங்கே என்று கேட்கிறாள்.

என் மைத்துனர் யெகோவாவின் சாட்சிகளோடு சேர்ந்து படிக்கிறவர். "எருசலேம் விழுந்தது 607-ல். கணக்கு டாண் என்று வரும். உங்கள் சபைகள் வேதத்தை விட்டுவிட்டு மண்ணைத் தோண்டுகிறவர்களை நம்புகின்றன" என்கிறார். போதாததற்கு, நேபுகாத்நேச்சார் வந்தது யோயாக்கீமின் மூன்றாம் வருஷம் என்று தானியேல் 1:1 சொல்கிறது, எரேமியா 25:1 நான்காம் வருஷத்தை அவனுடைய முதலாம் வருஷம் என்கிறது, எது சரி என்று இன்னொரு பையன்.

607-ஆ, 586-ஆ? ஒரே வரியில் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொல்லிவிடுவேன். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

607 இல்லை. நீங்கள் கேட்ட ஒரு வரி இதுதான். 586-ஆ 587-ஆ என்றால் ஒரு வரி பத்தாது.

முதலில் மைத்துனரின் கணக்கு. யூதர்கள் ஊர் திரும்பியது 537 என்று வைத்து, அதோடு எழுபதைக் கூட்டினால் 607. 2 நாளாகமம் 36:21, தேசம் பாழாய்க் கிடந்து ஓய்வு அனுபவித்ததையும் எழுபது வருஷத்தையும் ஒன்றாகக் கட்டிப் பேசுகிறது. பாழாய்க் கிடந்தது என்றால் பட்டணம் எரிந்ததிலிருந்துதானே எண்ண வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த ஒரு வசனத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் நியாயமான வாதம்தான். அந்த 607-லிருந்து 2520 வருஷம் எண்ணித்தான், கிறிஸ்து பரலோகத்தில் ஆளத் தொடங்கினதாக அவர்கள் நம்புகிற 1914-க்கு வருகிறார்கள். அதனால் இருபது வருஷம் நகர்ந்தால் அவர்களுக்கு ஆட்டம் காண்பது பழங்காலத் தேதி மட்டும் இல்லை. வீட்டில் பேசும்போது இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், குரல் தானாகத் தணியும்.

ஆனால் அந்த 537 எங்கிருந்து வந்தது? வேதாகமத்தில் கி.மு. ஏது? கோரேஸ் பாபிலோனைப் பிடித்தது 539 அக்டோபரில் என்பது தெரிந்ததால்தான் 537 வந்தது. 539 தெரிந்தது பாபிலோனியர்களின் களிமண் பலகைகளிலிருந்து, அதாவது மைத்துனர் சொல்லும் அந்த மண்ணைத் தோண்டித்தான். அதே பலகைகளைப் பின்னோக்கிப் படியுங்கள். கடைசி ராஜா நபோனிதஸ் 17 வருஷம். அவனுக்கு முன் லபாஷி-மர்தூக், சில மாதங்கள்தான். நெரிக்லிஸார் 4. ஏவில்மெரொதாக் 2. நேபுகாத்நேச்சார் 43. கூட்டினால் 66. 539-ஓடு சேர்த்தால் 605, நேபுகாத்நேச்சார் பட்டத்துக்கு வந்த வருஷம். எருசலேம் எரிந்தது அவனுடைய 18 அல்லது 19-ஆம் வருஷம். நீங்களே போட்டுப் பாருங்கள்.

607 வேண்டுமென்றால் நடுவில் எங்கேயாவது இருபது வருஷத்தைச் செருக வேண்டும். கடன் பத்திரம், நிலக் குத்தகை, அடிமை விற்ற சீட்டு என்று ராஜாவின் பெயரும் வருஷமும் போட்ட பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. எகிபி என்ற வணிகக் குடும்பத்தின் கணக்குவழக்கு அப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்று தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. இருபது வருஷம் ஊரில் ஒருத்தரும் கடன் வாங்கவில்லை என்றால்தான் அந்த இடைவெளி சாத்தியம். அப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை. இது போக, பெர்லினில் வாட் 4956 என்ற எண்ணுள்ள பலகை இருக்கிறது. பிற்காலப் பிரதிதான். ஆனால் நேபுகாத்நேச்சாரின் 37-ஆம் வருஷத்தில் நிலாவும் கோள்களும் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றன என்ற குறிப்பு அதில் வரிசையாக இருக்கிறது. அந்த வானம் 568-567-க்குப் பொருந்துகிறது.

சரி, 586-ஆ 587-ஆ? என் தாத்தாவின் ஆங்கில வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 25-க்குப் பக்கத்து ஓரத்தில் 588 என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அதுவும் வேதவாக்கு என்றே சின்ன வயதில் நம்பினேன். அது 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் போட்ட கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது. இந்தத் தேதிகள் ஓரத்திலிருந்து எப்படியோ வசனத்துக்குள் ஏறிவிடுகின்றன.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பலகை இருக்கிறது. 1956-ல் டொனால்ட் வைஸ்மன் அதை வெளியிட்டார். நேபுகாத்நேச்சார் தன் ஏழாம் வருஷம் ஆதார் மாதம் 2-ஆம் தேதி யூதாவின் பட்டணத்தைப் பிடித்தான், ராஜாவைச் சிறைப்பிடித்தான், தனக்குப் பிடித்த ஒருவனை அங்கே ராஜாவாக வைத்தான் என்கிறது அது. நம் கணக்கில் 597 மார்ச் 16. பிடிபட்டவன் யோயாக்கீன், வைக்கப்பட்டவன் சிதேக்கியா. (யோயாக்கீம் அப்பா, யோயாக்கீன் மகன். ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். வகுப்பில் போர்டில் பெரிதாக எழுதிப் போடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.) இவ்வளவு துல்லியமாக எழுதிய பலகை 594-ஓடு முடிந்துபோகிறது. தொடர்ச்சி கிடைக்கவில்லை. எருசலேம் எரிந்ததைப் பாபிலோன்காரன் எழுதி வைத்த வரி இன்றுவரை நம் கையில் இல்லை.

அதனால் வேதாகமத்திடமே திரும்பி வர வேண்டியிருக்கிறது. யோயாக்கீன் பிடிபட்டது நேபுகாத்நேச்சாரின் எட்டாம் வருஷம் என்று 2 இராஜாக்கள் 24:12. அதையே ஏழாம் வருஷம் என்கிறது எரேமியா 52:28. ஆலயம் எரிந்தது 2 இராஜாக்களில் பத்தொன்பதாம் வருஷம். எரேமியா 52:29-ல் பதினெட்டு. இரண்டு இடத்திலும் சரியாக ஒன்று இடிக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் வயசு கேட்டால் "அறுபது முடிஞ்சு அறுபத்தொண்ணு நடக்குது" என்பார்கள் இல்லையா, அதுதான். ஒருவர் முடிந்ததை எண்ணுகிறார், இன்னொருவர் நடப்பதை எண்ணுகிறார். பாபிலோனியர்கள் பட்டமேறிய வருஷத்தைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த புத்தாண்டிலிருந்துதான் முதலாம் வருஷம் என்றார்கள். அந்தப் பலகையும் ஏழு என்கிறது. அப்படியானால் 2 இராஜாக்களின் எட்டு, பாபிலோனியரின் ஏழு. அதன் பத்தொன்பது, அவர்களின் பதினெட்டு. 587 கோடைக்காலம். நான் அந்தப் பக்கம். யூதாவில் வருஷம் இலையுதிர்காலத்துத் திஷ்ரி மாதத்தில் பிறந்தது என்று எண்ணுகிறவர்கள் 586-க்கு வருகிறார்கள், வேதாகமக் காலக்கணக்கை ஆராய்ந்த எட்வின் தீலே அப்படித்தான் வந்தார். தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. உங்கள் அகராதியில் பேனாவை வைக்க வேண்டாம்.

பையனின் கேள்வியையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். தானியேலின் மூன்றும் எரேமியாவின் நான்கும் இதே நடப்பு வயசு, முடிந்த வயசு விவகாரம் என்று சொல்லலாம், பலர் சொல்கிறார்கள். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. 605-ல் பாபிலோன் எகிப்தை முறியடித்த கர்கேமிஸ் யுத்தத்தைச் சொல்கிற அதே பலகை, அந்த வருஷம் எருசலேமை முற்றுகை போட்டதைச் சொல்லவில்லை. பையனிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்தப் பெண்ணின் 48. உங்கள் கடிதத்தில் நல்ல கேள்வி இதுதான்.

எரேமியா 29:10-ஐ எடுங்கள். "பாபிலோனில்" எழுபது வருஷம் என்ற பொருளில் படித்தே நமக்குப் பழக்கம். ஆங்கிலத்தில் கிங் ஜேம்ஸும் அப்படித்தான். எபிரெயத்தில் அங்கே இருப்பது 'ல' என்ற ஒரே எழுத்து, பெயருக்கு முன்னால் ஒட்டி வருவது. நம் 'கு' உருபு செய்கிற வேலையைத்தான் பெரும்பாலும் அது செய்யும். "பாபிலோனுக்கு எழுபது வருஷம் நிறைவேறினபின்பு." தமிழில் எவ்வளவு இயல்பாக உட்காருகிறது பாருங்கள். அந்த எழுபது பாபிலோனுடைய தவணை. யூதன் அங்கே இருந்த காலத்தை அது அளக்கவில்லை. 25-ஆம் அதிகாரத்திலும் எழுபது வருஷம் சேவிக்கிறவர்கள் 'இந்த ஜாதிகள்', யூதா மட்டும் இல்லை. அசீரியாவின் கடைசி ராஜா ஆரானை மீட்கப் பார்த்துத் தோற்றது 609-ல் (ஆபிரகாம் தங்கியிருந்த அதே ஆரான்தான்). அதிலிருந்து பாபிலோனின் கைதான் மேலே. பாபிலோன் விழுந்தது 539. கழித்தால் எழுபது.

மைத்துனரிடம் 25:12-ஐயும் காட்டுங்கள். எழுபது நிறைவேறின பிறகுதான் பாபிலோன் ராஜாவுக்குத் தண்டனை என்று அங்கே வரிசை இருக்கிறது. எழுபது 537-ல் முடிந்தது என்றால், தண்டனை இரண்டு வருஷம் முந்திக்கொண்டதாகிவிடும். இதற்கு மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை.

609-539 கணக்கோடு விஷயம் தீர்ந்தது என்றும் நான் நினைக்கவில்லை. ஏனென்றால் வேதாகமத்துக்குள்ளேயே ஆளுக்கொரு விதமாக எண்ணியிருக்கிறார்கள். பாரசீக ராஜா தரியுவின் இரண்டாம் வருஷத்தில், அதாவது 520-ல், எருசலேமின்மேல் கோபமாயிருந்த இந்த எழுபது வருஷம் என்று சகரியாவில் தூதன் பேசுகிறான். கோரேஸ் விடுவித்துப் பதினெட்டு வருஷம் ஆன பிறகும் அவனுக்கு எழுபது முடியவில்லை. ஆலயம் கட்டி முடிந்ததோ 515-ல். நாளாகமம் எழுதியவர் லேவியராகமத்தின் ஓய்வு வருஷங்களோடு அதைச் சேர்த்தார். தானியேல் 9-ல் எழுபது வருஷம் எழுபது வாரமாக விரிந்துவிட்டது (வாரத்துக்கு ஏழு வருஷம் என்று எண்ணுவார்கள்). அந்த வாரங்கள் யூத மரபில் செய்த வேலை இன்னும் விசித்திரம். 490 வருஷத்தில் சிறையிருப்புக்கு 70, இரண்டாம் ஆலயத்துக்கு 420 என்று செதெர் ஓலாம் என்ற பழைய ரபிமார் நூல் பிரித்துக்கொண்டது. அந்த ஆலயம் அழிந்த கி.பி. 70-லிருந்து 420 பின்னால் போனால் 515-க்கு எட்டாது. ஏறக்குறைய 165 வருஷம் பாரசீகக் காலத்திலிருந்து காணாமல் போகிறது. யூதர்களின் இன்றைய ஆண்டுக்கணக்கு இந்த நூலின் வழியில்தான் வருகிறது. 1962-ல் சிமோன் ஷ்வாப் என்ற ரபி, ஞானிகள் வேண்டுமென்றே அந்த வருஷங்களை மறைத்திருக்கலாம் என்று எழுதிப் பார்த்தார். பின்னால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எழுபது என்ற எண் எரேமியாவுக்கு முன்பே அந்தப் பக்கத்தில் புழங்கியதுதான். அசீரிய ராஜா சனகெரிப் 689-ல் பாபிலோனை அழித்தான். அது எழுபது வருஷம் பாழாய்க் கிடக்கட்டும் என்று பாபிலோனின் தெய்வமான மர்தூக் எழுதி வைத்ததாம். சனகெரிப்பின் மகன் எசரத்தோனுக்கு அதை உடனே கட்ட வேண்டும். என்ன செய்வது? ஆப்பெழுத்தில் நட்டுக்குத்தான ஒரு ஆப்பு முன்னால் நின்றால் 60, பின்னால் நின்றால் 1. அதோடு பத்துக்கான குறி. 60-ம் 10-ம் 70. மர்தூக் மனம் இரங்கி அந்த எண்ணைத் திருப்பிப் போட்டார், 10-ம் 1-ம் பதினொன்று ஆகிவிட்டது என்று எசரத்தோன் கல்லிலேயே பொறித்து வைத்தான். ராஜா வீட்டு ஜோசியர்கள் எந்தக் காலத்திலும் கெட்டிக்காரர்கள்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தைக் கேட்டவர்கள் எழுபதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கும் சாட்சி அதே 29-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அனனியா என்ற தீர்க்கதரிசி ஜனங்களிடம் இரண்டே வருஷம் என்று சொல்லியிருந்தான். எரேமியா எழுபது என்று எழுதி அனுப்பினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்றார். செமாயா என்பவன் பாபிலோனிலிருந்து கொதித்துப்போய் எருசலேமுக்குப் பதில் கடிதம் போடுகிறான், இந்த ஆளை ஏன் இன்னும் அடைக்கவில்லை என்று. 28-ஆம் வசனத்தில் அவன் எரேமியாவின் பேச்சைத் திருப்பிச் சொல்கிற இடத்தைப் பாருங்கள். அதில் எழுபது இல்லை. நெடுங்காலம் ஆகும், வீடு கட்டுங்கள் என்று சொன்னானே என்றுதான் இருக்கிறது. அவன் காதில் விழுந்தது அதுதான்.

செமாயாவுக்குப் பிடிக்காவிட்டாலும் ஜனங்கள் கட்டத்தான் செய்தார்கள். 2014-ல் பாபிலோனியாவின் நாட்டுப்புறத்திலிருந்து வந்த பலகைகள் ஒரு தொகுப்பாக வெளியாயின. அங்கே ஒரு ஊரின் பெயரே யாஹூது, யூதா. மிகப் பழைய பலகையின் தேதி 572, எருசலேம் எரிந்து பதினைந்து வருஷம். வாற்கோதுமை, பேரீச்சை, வரி, கடன் என்று எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பலகை 477. கோரேஸ் போகலாம் என்று சொல்லி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் போர்டில் இதையும் கழிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.