மேவனில் கொடுத்த வேரியபிள் டெஸ்ட்டுக்குப் போய்ச் சேரவில்லையா?

கேள்வி: மேவன் என்ற பில்ட் கருவியில் ஓடும் ஜாவா புராஜெக்ட்டில், டேட்டாபேஸ் முகவரியை மேவன் அமைப்புகள் இருக்கும் பாம் ஃபைலின் (pom.xml) ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் எழுதினேன். டெஸ்ட் ஓடும்போது, என்விரான்மென்ட் வேரியபிளைப் படிக்கும் கெட்என்வ் 'நல்' (மதிப்பு இல்லை) என்கிறது. டெஸ்ட்டுகளை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் பிளகினில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டியாகக் கொடுத்தும் அதே கதைதான். என்விரான்மென்ட் வேரியபிளை எங்கேதான் எழுதுவது?

பதில்: நீங்கள் எழுதிய இரண்டு இடங்களும் வேறு வேலைக்கானவை. பாம் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸ் மேவனின் சொந்த உபயோகத்துக்கு. சிஸ்டம் ப்ராப்பர்ட்டி, ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம்முக்குள் இருப்பது. அதை கெட்ப்ராப்பர்ட்டி போட்டுத்தான் படிக்க முடியும். கெட்என்வ் பார்ப்பதோ, ஒரு பிராசஸ் (ஓடும் புரோகிராம்) தொடங்கும்போதே அதனிடம் கொடுத்தனுப்பப்படும் பட்டியலை. ஓட ஆரம்பித்த பிறகு அதை மாற்ற ஜாவாவில் முறையான வழி கிடையாது.

ஷ்யூர்ஃபயர் டெஸ்ட்டுகளுக்காகத் தனி ஜேவிஎம் ஒன்றைக் கிளப்புகிறது. அந்த இடத்தில்தான் நுழைக்க வேண்டும். பிளகினின் கான்ஃபிகரேஷன் டேகுக்குள் 'என்விரான்மென்ட்வேரியபிள்ஸ்' (environmentVariables) டேகை இடைவெளி இல்லாமல் எழுதுங்கள். நடுவில் வரும் 'வி' மட்டும் பெரிய எழுத்து. அதற்குள் வேரியபிளின் பெயரே ஒரு டேக், மதிப்பு அதன் நடுவில். டேகின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பழைய மேவன் பதிப்புகள் மூச்சுவிடாமல் அதைக் கடந்துபோய்விடும். சந்தேகம் வந்தால் மேவன் கட்டளையோடு பெரிய எழுத்து எக்ஸ் ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டுங்கள். பிளகின் கையில் எடுத்துக்கொண்ட மதிப்புகள் எல்லாம் திரையில் வரும்.

அதன் பிறகும் 'நல்' வந்தால், எத்தனை தனி ஜேவிஎம் கிளப்ப வேண்டும் என்று சொல்லும் ஃபோர்க்கவுண்ட்டைப் (forkCount) பாருங்கள். வழக்கமாக அது 1. வேகத்துக்காக யாராவது 0 ஆக்கியிருந்தால் புது ஜேவிஎம் கிளம்பாது. டெஸ்ட் மேவனுக்குள்ளேயே ஓடும், நீங்கள் கொடுத்த வேரியபிள் போய்ச் சேர வழியிருக்காது. பல பகுதிகளைச் சேர்த்துச் சோதிக்கும் இன்டக்ரேஷன் டெஸ்ட்டுகளை ஓட்டுவது ஃபெயில்சேஃப் என்ற வேறு பிளகின். ஷ்யூர்ஃபயரில் எழுதியதை அது எட்டிப் பார்க்காது, அதிலும் தனியாக எழுத வேண்டும். பில்ட் முடிந்து ஜார் ஃபைலை நேரடியாக ஓட்டும்போதும் இந்த அமைப்புகள் எதுவும் கூட வராது. சர்வரில் தனியாக வைத்தாக வேண்டும்.

கேள்வி: பாஸ்வேர்டையும் இதே டேகில் வைக்கலாமா?

பதில்: கூடாது. பாம் ஃபைல், கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட்டுக்குள் (Git) போகிறது. ஒருமுறை கமிட் ஆனதைப் பின்னால் அழித்தாலும் பழைய வரலாற்றில் இருக்கும். டெர்மினலிலோ பில்டைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரின் சீக்ரெட் பகுதியிலோ வையுங்கள். மேவன் எந்த என்விரான்மென்ட்டில் ஓடுகிறதோ அதையே டெஸ்ட் ஜேவிஎம்மும் வாங்கிக்கொள்ளும் என்பதால் பாம் ஃபைலில் ஒரு வரிகூட வேண்டாம்.

பெயரை மாற்றி அனுப்ப வேண்டியிருந்தால் மட்டும், மதிப்பின் இடத்தில் டாலர் குறி போட்டு, சுருள் அடைப்புக்குள் 'என்வ்', புள்ளி, மூல வேரியபிளின் பெயர் என்று எழுதலாம். அந்த வேரியபிள் இல்லாத மெஷினில் சரியான பாஸ்வேர்டு போய்ச் சேராது. லாகின் தவறு என்று டேட்டாபேஸ் சொல்லும்போது முதலில் இதைச் சரிபாருங்கள். விண்டோஸில் அந்த மூல வேரியபிளின் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும்.