ஸ்னோவுக்குப் போகும் முன்: மட்டக்களப்பு, அம்பாறைக் கேள்விகளும் பதில்களும்

மார்கழி, தையில் பிள்ளைகளையும் சகோதரங்களையும் பார்க்கக் கனடாவுக்கும் சுவிஸுக்கும் புறப்படுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சொல்லை மனதில் வையுங்கள்: ஈரம். எங்கள் ஊர் வெயிலில் வளர்ந்த உடம்பு குளிரைத் தாங்குமா என்று பலரும் பயப்படுகிறார்கள். உடுப்பு காய்ந்திருக்கும்வரை தாங்கும். நனைந்த உடுப்போடு நின்றால் அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கும் விறைக்கும்.

களுவாஞ்சிகுடி: அண்ணன், அம்மாவும் அப்பாவும் டிசம்பர் நடுப்பகுதியில் ஸ்காபரோவில் இருக்கிற தங்கச்சியிடம் போறாங்க. இரண்டு பேரும் அறுபது தாண்டினவங்க. கொழும்பில தடிச்ச ஜக்கற் வாங்கிக் குடுத்து விடவா?

வேண்டாம். எங்கள் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் நுவரெலியாக் குளிருக்கான ஜக்கற். தங்கச்சியை இரண்டு கோட்டும் இரண்டு சோடி பூட்ஸும் எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள். பயணத்துக்கு ஸ்வெற்றர், காலுறை, மூடின சப்பாத்து போதும்.

அங்கே உடுப்பது மூன்று அடுக்காக. தோலோடு ஒட்டுவது பொலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற சூட்டுத் துணி, வெளியே காற்றும் தண்ணீரும் புகாத கோட். அப்பா வழமையாகப் போடும் பருத்திப் பெனியனை அடியில் போடக் கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

வயதானவர்களுக்குக் குளிரைவிட நடைபாதையில் உறைந்திருக்கும் ஐஸ் ஆபத்து. எட்டி வைத்து நடக்காமல், பாதம் முழுவதும் நிலத்தில் படும்படி சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். கையைக் கோட் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு நடந்தால் விழும்போது பிடிக்கக் கை வராது. வீட்டுக்குள்ளே ஹீற்றர் காற்றை உலர்த்துவதால் உதடு வெடிக்கும், மூக்கில் இரத்தம் கசியலாம். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்கட்டும், குளித்தவுடன் தோலில் வஸ்லின் பூசட்டும்.

அதே வீட்டிலிருந்து: அப்பாவுக்குப் பிரஷர், சுகர் இரண்டும் இருக்கு. குளிசை, இன்சூரன்ஸ் எல்லாம் எப்படி?

குளிசைகளை டொக்டரின் ஆங்கிலக் கடிதத்தோடு, கடைப் பெட்டியிலேயே, கைப்பைக்குள் வையுங்கள். கனடாவுக்குள் சொந்தப் பாவனைக்கு 90 நாள் மருந்து கொண்டுபோகலாம். குளிர்காலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு பத்தரை மணித்தியாலம் பின்னால். மட்டக்களப்பில் காலை 7 மணி என்றால் அங்கே முதல்நாள் இரவு 8.30. இன்சுலின் போடுகிறவர் நேரத்தை எப்படி மாற்றுவது என்று டொக்டரிடம் எழுதி வாங்கியே போக வேண்டும்.

சாதாரண விசிற் விசாவில் பொதுவாக ஆறு மாதம் நிற்கலாம். பெற்றோர், தாத்தா பாட்டிக்கான சூப்பர் விசா என்றால் ஒரு தடவை போனால் ஐந்து வருடம்வரை. ஆனால் அதற்குக் குறைந்தது 100,000 கனேடிய டொலருக்கு ஒரு வருட மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் உண்டு. எந்த விசா என்றாலும் ஏற்கெனவே உள்ள வருத்தங்களைப் பத்திரத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால், ஆஸ்பத்திரிக் கணக்கு வரும் நாளில் காப்புறுதி கைவிட்டுவிடும்.

கல்லடி: சூரிச்சில இருக்கிற மகளுக்குத் தயிர்ச் சட்டி, கருவாடு, கறிவேப்பிலை கொண்டு போகலாமா தம்பி?

தயிர் முடியாது, அம்மா. எங்கள் நாட்டிலிருந்து பால் சாமானும் இறைச்சிச் சாமானும் சுவிஸுக்குள் கொண்டுபோகத் தடை. எருமைத் தயிரை மகள் இங்கே வரும்போதுதான் கொடுக்கலாம். கருவாடு சொந்தப் பாவனைக்குப் போகும், ஆனால் மணம் கசியாமல் மூன்று உறைக்குள் கட்டி சூட்கேஸில் வையுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் தேவை, அது இல்லாமல் போனால் பறித்துக் குப்பையில் போடுவார்கள். வறுத்து அரைத்த கறித்தூள், அரிசிமா, முறுக்குக்குப் பிரச்சினை இல்லை.

பொத்துவில்: அறுகம்பேயில ஆறு வருசமா சேர்ஃப் பண்றன். மெயின் பொயின்ற்றிலயும் ஓடுவன். பெரியப்பா வீட்டுக்குக் கனடா போறன். பனிச்சரிவில பலகையில வழுகிற ஸ்னோபோர்ட் எனக்கு லேசா வரும் தானே அண்ணன்?

பாதி வரும், தம்பி. மற்றப் பாதியில் அலைப் பழக்கமே உங்களை விழுத்தும்.

கைகொடுப்பது சமநிலையும், எந்தக் கால் முன்னால் என்ற தெளிவும். இடக்கால் முன்னால் வைக்கிறவர் ரெகுலர், வலக்கால் என்றால் கூஃபி. கடலில் எதுவோ பனியிலும் அதுவே. வாடகைக் கடையில் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

கெடுக்கிறது பின்காலில் பாரம் போடுவது. அலையில் பின்காலை அமத்தித்தான் பலகையைத் திருப்புவீர்கள். பனியில் பயந்து பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பக்கம் இலேசாகித் திரும்ப மறுக்கும், வேகம் மட்டும் ஏறும். சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கிற முன்காலில் பாரத்தைப் போட வேண்டும். மனம் ஒப்பாது, ஆனாலும் போட வேண்டும்.

அடுத்தது விளிம்பு. அலை உங்களைத் தூக்கிக்கொண்டு போகும், பனியில் நீங்கள்தான் பலகையின் இரும்பு விளிம்பைச் சரிவில் பதிக்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே நிற்கும்போது எப்போதும் மேல்பக்க விளிம்புதான் பதிய வேண்டும். கீழ்ப்பக்க விளிம்பு ஒரு கணம் மாட்டினாலும் உடம்பு அப்படியே கீழ்நோக்கி அடிபடும். புதியவர்களின் மோசமான விழுகைகளில் அதிகம் இப்படித்தான்.

முதல்நாளை இந்த ஒழுங்கில் வையுங்கள். சமநிலத்தில் முன்காலை மட்டும் கட்டி, பின்காலால் தள்ளிப் பழகுங்கள். பிறகு இரண்டு காலையும் கட்டி, குதிக்கால் விளிம்பில் நின்று மெதுவாக வழுகி இறங்குங்கள். அது பிடிபட்டதும் பார்வையை இடமும் வலமும் மாற்றி, காய்ந்த இலை ஆடி விழுவதுபோல ஊசலாடி இறங்குங்கள். இதையே பெருவிரல் விளிம்பிலும் செய்த பிறகுதான் திருப்பம். பெரியப்பா மக்கள் முதல் மணித்தியாலத்திலேயே உச்சிக்குக் கூப்பிடுவார்கள். போகாதீர்கள், இரண்டு மணித்தியாலப் பயிற்சி வகுப்புக்குக் காசு கட்டுங்கள். ரொறன்ரோவுக்குள்ளேயே ஏர்ள் பேல்ஸ் பூங்காவில் மாநகரசபை நடத்தும் சின்னச் சரிவு இருக்கிறது. கொலிங்வூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற புளூ மவுண்டன் இரண்டு மணித்தியால ஓட்டம், அது இரண்டாம் தடவைக்கு.

கழற்றின பலகையைப் பனியில் வைக்கும்போது, காலைப் பலகையோடு கட்டும் பைண்டிங் கீழே பார்க்கக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் தானாக வழுகிக் கீழே நிற்கிறவரின் காலை முறிக்கும்.

காத்தான்குடி: நானா, மகனுக்கு 17 வயசு. அவனுக்குப் பலகை, பூட்ஸ் வாங்கணுமா? கை முறிஞ்சிடுமோண்டு பயமா இருக்கு.

முதல் இரண்டு மூன்று தடவை எல்லாமே வாடகைக்கு, தங்கச்சி. பூட்ஸ் பொருந்தினால் மற்றதெல்லாம் சமாளிக்கலாம். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்பக்கத்தை மட்டுமட்டாகத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும், குதிக்கால் மேலே எழும்பக் கூடாது. ஒரே ஒரு சோடி மெல்லிய கம்பளிக் காலுறை போதும். குளிருக்கென்று இரண்டு சோடி போட்டால் காலை நெரித்து இரத்த ஓட்டம் குறையும், அதனால் கால் இன்னும் குளிரும். பலகை நிமிர்த்திப் பிடித்தால் நாடி உயரம் வரட்டும். பைண்டிங் திரும்பியிருக்கும் கோணம் முன்கால் 15 பாகை, பின்கால் எதிர்த்திசையில் 9 பாகை என்று கேட்டால் பழகுகிறவருக்குச் சரி.

நீங்கள் பயப்படுவது நியாயம். புதியவர்களுக்கு அதிகம் முறிவது மணிக்கட்டு, விழும்போது உள்ளங்கையை விரித்து ஊன்றுவதால். மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் கட்டாயம் போடட்டும். முன்னால் விழுந்தால் முழங்கால் முதலில், பிறகு பொத்தின கையோடு முன்கை. பின்னால் விழுந்தால் குந்தி இருந்து, நாடியை நெஞ்சோடு சேர்த்து உருள வேண்டும். இதை இப்போதே வீட்டில் மெத்தை போட்டுப் பழக்குங்கள்.

காப்புறுதியையும் பாருங்கள். பல பயணக் காப்புறுதிகளில் பனி விளையாட்டு தனியாகக் காசு கட்டினால்தான் சேரும். சுவிஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குக் காட்டும் 30,000 யூரோ காப்புறுதி இருக்கிறதென்று நம்பி மலைக்கு ஏறாதீர்கள், நிபந்தனையை வாசியுங்கள். சுவிஸ் மலையில் விபத்து என்றால் ரேகா என்ற வான்வழி மீட்புச் சேவையின் இலக்கம் 1414. மகனின் போனில் பதிந்து விடுங்கள்.

கல்முனை: நான் ஃபர்தாவோட போறன், ஸ்காஃப்ப எப்படிக் கட்டுற? மலைக்கு மேல ஏத்துற அந்தக் கதிரை லிஃப்ற்றில ஏறவும் பயம்.

தலைக்கவசத்துக்கு அடியில் தடிப்பான துணி போட்டால் கவசம் தளர்ந்து பிரயோசனம் இல்லாமல் போகும். மெல்லிய, இழுபடும் துணியில் தைத்த, ஊசி குத்தாத மூடுதலையணி போட்டு நுனிகளை ஜக்கற்றுக்குள் விடுங்கள். தொங்குகிற எதுவும் லிஃப்ற்றில் சிக்கும், இது பையின் பட்டிக்கும் பொருந்தும். நீளமான ஃபர்தாவுக்குப் பதிலாக முழங்கால்வரை வரும் தளர்வான ஸ்னோ ஜக்கற்றும் அகலமான ஸ்னோ காற்சட்டையும் போட்டால் உடம்பும் மறையும், பலகையில் துணியும் சிக்காது.

லிஃப்ற்றுக்கு வரும்போது பின்காலைக் கழற்றி, பலகையின் முனையை நேராக வையுங்கள். கதிரை பின்னால் வந்து தொட்டதும் இருந்து, கம்பியை இறக்குங்கள். இறங்குமிடத்தில் எழும்பி, முனை நேராகவே வழுக விடுங்கள், உடனே நிற்கப் பார்க்காதீர்கள். விழுந்தால் பக்கத்துக்கு உருண்டு வழிவிடுங்கள். பயமென்றால் லிஃப்ற் நடத்துகிறவரிடம் கை காட்டி மெதுவாக ஓட்டச் சொல்லலாம், அது எல்லாரும் கேட்பதுதான்.

ஒரு எச்சரிக்கை. கனடாவில் பச்சை வட்டம் லேசு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். சுவிஸில் நீலம் லேசு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். சூரிச்சில் பழகினவர் கனடாவில் "நீலம்தானே" என்று போனால் நடுவழியில் மாட்டிக்கொள்வார்.

அக்கரைப்பற்று: விரல் விறைச்சா என்ன செய்யிற? நெருப்பில காட்டலாமா?

காட்டக் கூடாது. விறைத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். பனியால் தேய்ப்பதும் பிழை, தோல் கிழியும். விரல் வெளிறி உணர்வு குறைந்தால் உள்ளே போய், ஈரக் கையுறையைக் கழற்றி, விரலைக் கமக்கட்டுக்குள் வையுங்கள். தோல் கெட்டியாகி மெழுகுபோல இருந்தால் 37 முதல் 39 பாகை வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தி, டொக்டரிடம் போக வேண்டும். திரும்பவும் குளிருக்குள் போக வேண்டிய நிலை என்றால் உருக்காமல் முதலில் இடத்தை விட்டு வெளியேறுங்கள், உருகி மறுபடி உறைவதுதான் விரலை இழக்கச் செய்யும்.

காற்றுக் குளிர்நிலை, அதாவது காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர், மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். அன்று மலைக்குப் போகாமல் வீட்டில் இருங்கள். கட்டைவிரல் தவிர நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை தனித்தனி விரல் கையுறையைவிடச் சூடு. பையில் மாற்றுச் சோடி ஒன்று இருக்கட்டும்.

செங்கலடி: எங்களுக்கு வெளிநாடு போக வசதியில்ல. பிள்ளைகளுக்குக் குளிராவது காட்டணும்.

உங்கள் ஊர்ச் சந்தியில் தொடங்கும் ஏ5 பாதைதான் மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை வழியாக நுவரெலியா போகிறது. வழி கேட்கவே தேவையில்லை. மகாஓயா வெந்நீர் ஊற்றில் நின்று போகலாம். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். தையிலும் மாசியிலும் வானம் தெளிந்த இரவுகளுக்குப் பிறகு விடியற்காலையில் புல்லில் வெண்மையாக உறைபனி படியும். வெயில் ஏறினால் கரைந்துவிடும், ஆறு மணிக்கே எழுப்புங்கள்.

மார்கழியில் மட்டும் போகாதீர்கள். பசறை, லுணுகலைப் பக்கம் மழைக்கு மண் சரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். மஞ்சள் வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வாழைச்சேனை: எங்களுக்கு விமானம் டிசம்பர் 20 இரவு. அன்று காலை வெளிக்கிட்டாச் சரியா?

மழைக்காலம் இல்லையென்றால் சரி. மார்கழியில் மகாவலி பெருகினால் மன்னம்பிட்டிப் பக்கம் றோட்டும் ரெயிலும் நிற்கும். 19ஆம் திகதியே புறப்பட்டு நீர்கொழும்பில் தங்குங்கள். பாஸ்போர்ட், விசாக் கடிதம், மருந்தை மழைக்கு நனையாத உறையில் போட்டு மடியில் வைத்திருங்கள், பஸ்ஸின் மேலே ஏற்றாதீர்கள்.