பத்தாவது வாரத்தில் தழும்பு ஏன் தடிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 39. டம்மி டக், அதாவது வயிற்றின் தளர்ந்த தோலை எடுத்து இறுக்கித் தைக்கும் அறுவை சிகிச்சை, முடிந்து 10 வாரம் ஆகிறது. மூன்றாவது வாரத்தில் தழும்பு மெல்லிய கோடாக இருந்தது. இப்போது சிவந்து, நடுவில் கயிறு போலத் தடித்து, அரிக்கவும் செய்கிறது. தினமும் வைட்டமின் ஈ எண்ணெய் தடவுகிறேன். எனக்கு இரண்டு சிசேரியன் நடந்திருக்கிறது. அந்தத் தழும்பு இப்படி ஆகவே இல்லை. ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா? இது கீலாய்டா?

பதில்: தப்பு எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. நீங்கள் சொல்வது பத்தாவது வாரத்தில் பலருக்கும் இருக்கும் தழும்புதான். மூன்றாவது வாரத்தில் பார்த்த அந்த மெல்லிய கோடுதான் ஏமாற்றிவிட்டது. அப்போது மேல்தோல் ஒட்டியிருந்ததே தவிர, உள்ளே இயல்பான தோலின் பலத்தில் கால்வாசிகூட வந்திருக்காது. அந்தப் பலத்துக்காகத்தான் உடம்பு கொலாஜனை (தோலுக்குப் பலம் தரும் புரதம்) அவசர அவசரமாகக் கொட்டி நிரப்புகிறது, புது ரத்தக்குழாய்களையும் வரவழைக்கிறது. சிவப்பும் தடிப்பும் அரிப்பும் அதனால் வருபவை. ஆறாவது வாரத்திலிருந்து மூன்று, நான்கு மாதம் வரை தழும்பு பார்க்கவே மோசமாகத்தான் இருக்கும். அப்புறம் உடம்பே வேண்டாத கொலாஜனைக் கரைத்து, மிச்சத்தை ஒழுங்காக அடுக்கும். இது முடிய 12 முதல் 18 மாதம் ஆகும்.

சிசேரியனோடு ஒப்பிட்டது நல்ல கேள்வி. அங்கே தோலை வெட்டித் திரும்பத் தைக்கிறார்கள், அவ்வளவுதான். பிரசவம் முடிந்த வயிற்றில் தோலும் தளர்வாக இருக்கும். டம்மி டக்கில் தொப்புளுக்குக் கீழே உள்ள தோலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மேலே உள்ள தோலைக் கீழே இழுத்துத் தைக்கிறோம். பெரும்பாலும் பழைய சிசேரியன் தழும்பும் எடுத்த தோலோடு போய்விடும். ஆனால் புதுத் தழும்பு ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை நீளும், அதுவும் இழுவிசையில் இருக்கும். இழுபடும் காயம் கூடுதலாகக் கொலாஜன் போடும். நடுப்பகுதியில் இழுப்பு அதிகம், ரத்த ஓட்டம் குறைவு. அதனால்தான் ஓரங்கள் நன்றாக இருந்தும் நடுவில் மட்டும் தடித்திருக்கிறது.

கீலாய்டா என்பதற்கு எல்லையைப் பாருங்கள். தடிப்பு வெட்டிய கோட்டுக்குள்ளேயே நின்றால் அது தடித்த தழும்பு. அது காலப்போக்கில் தணியக்கூடியது. கோட்டைத் தாண்டிப் பக்கத்து நல்ல தோலுக்குள் படர்ந்தால்தான் கீலாய்டு. காது குத்திய இடத்திலோ, தடுப்பூசி போட்ட இடத்திலோ, நெஞ்சில் பரு வந்த இடத்திலோ உங்களுக்கு முன்பு கட்டி போல வளர்ந்ததுண்டா? குடும்பத்தில் யாருக்காவது? இருந்தால் உங்கள் சர்ஜனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

வைட்டமின் ஈ எண்ணெயை நிறுத்திவிடுங்கள். 1999-இல் வந்த ஓர் ஆய்வில் அது தழும்பைத் தேற்றவில்லை, தடவியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. உங்கள் அரிப்பில் ஒரு பகுதி அந்த எண்ணெயால்கூட இருக்கலாம்.

ஏதாவது போடுவதானால் சிலிகான். தடவும் ஜெல்லாகவும், ஒட்டும் ஷீட்டாகவும் கிடைக்கிறது. தழும்பின் மேல் ஈரம் போகாமல் அது மூடி வைக்கிறது, அடியில் கொலாஜன் உற்பத்தி தணிகிறது. நாளுக்கு 12 மணி நேரமாவது இருக்க வேண்டும், அதிகம் இருந்தால் இன்னும் நல்லது. குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். ஒரு வாரம் போட்டுவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று விடுபவர்கள்தான் அதிகம். இந்த இடத்தில் உள்ளாடை உரசி, வியர்வையில் ஷீட் அடிக்கடி கழன்றுவிடும். ஜெல்தான் வசதி: மெல்லிசாகத் தடவி, காய்ந்தபின் உடுத்துங்கள். ஷீட் போட முடியாது, ஜெல்லும் பிடிக்கவில்லை என்றால் சாதாரண பேப்பர் டேப்பே போதும். தழும்பின் மேல் ஒட்டி, தானாகத் தளரும் வரை சில நாள் விடுங்கள். தினமும் பிய்த்து ஒட்டினால் தோல் புண்ணாகும். இழுவிசையைக் குறைப்பதில் இந்த மலிவான டேப்பை நான் விலையுயர்ந்த கிரீம்களுக்கு மேலாக மதிக்கிறேன்.

காயம் முழுதும் மூடியிருந்தால் மசாஜும் தொடங்கலாம். விரல் நுனியால் தழும்பு வெளிறும் அளவுக்கு அழுத்தி, சின்னச் சின்ன வட்டமாக, ஐந்து நிமிடம், நாளுக்கு இருமுறை. மறுநாள் சிவப்பு கூடினால் அழுத்தத்தைக் குறையுங்கள். கொஞ்சம் வெயில் பட்டாலும் தழும்பு கருத்துவிடும், மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் இன்னும் எளிதில். ஓராண்டுக்கு மூடி வையுங்கள், வெளியே தெரிந்தால் எஸ்.பி.எஃப். 30-க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன். உள்ளாடையின் எலாஸ்டிக் அதன் மேலேயே உட்காரக் கூடாது. புகை? வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு செய்தும் அடுத்த இரண்டு மாதத்தில் தடிப்பு கூடிக்கொண்டே போனால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம். சிவப்பு போகாவிட்டால் லேசர் உண்டு. வெட்டித் திருத்துவதை ஓராண்டு ஆகும் முன் யோசிக்காதீர்கள். ஓரங்களில் சின்ன மடிப்பு போலத் துருத்தினாலும் பொறுங்கள், வீக்கம் வடியும்போது அது ஓரளவு அடங்கக்கூடும்.

கோட்டின் மேல் பரு போல ஒன்று வந்தால் அது கரையாத தையல் நுனியாக இருக்கலாம். பிதுக்காமல் சர்ஜனிடம் காட்டுங்கள். சீழ், துர்நாற்றம், காய்ச்சல், பரவும் சிவப்பு, வாய் பிளந்த காயம், தண்ணீர் தளும்புவது போன்ற வீக்கம், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

தழும்புக்கு மேலே தோல் மரத்துப் போயிருக்கிறதா? பல மாதம் அப்படி இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவும் இருந்துவிடும். அரிக்கிறது, இறுக்குகிறது என்று அங்கே வெந்நீர்ப் பையோ ஐஸோ வைக்காதீர்கள். சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.