3 டீசல் வேன்களையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா?

கேள்வி: அலுவலகங்களுக்குத் தேவையான காகிதம், எழுதுபொருள் போன்றவற்றை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். 3 டீசல் வேன்கள், 12 ஊழியர்கள். எங்களிடம் வாங்கும் பெரிய நிறுவனம் ஒன்று, ‘உங்கள் கார்பன் உமிழ்வு எவ்வளவு? குறைக்க என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறது. கடன் வாங்கி 3 வேன்களையும் மின்சார வேன்களாக மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். செய்யலாமா?

பதில்: கடன் விண்ணப்பத்தை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். மின்சார வேன் வேண்டாம் என்று சொல்லவரவில்லை, ஒன்றாவது நிச்சயம் வாங்குவீர்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் எதை முதலில் மாற்றுவது, உங்களுக்கு உண்மையில் 3 வேன்கள் தேவையா என்பதெல்லாம் இன்றைக்கு உங்களுக்கே தெரிந்திருக்காது. ஒரு மாதம் கணக்கு எழுதினால் தெரிந்துவிடும்.

வேனுக்கு ஒரு நோட்டு போடுங்கள். டீசல் போடும்போதெல்லாம் டேங்கை நிரப்பச் சொல்லி, எத்தனை லிட்டர், ஓடோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று டிரைவர் எழுதட்டும். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் கிளம்பிய நேரம், போன இடம், ஏற்றிய பெட்டிகள், திரும்பி வரும்போது வண்டியில் இருந்தது என நான்கு விவரம் போதும். நான்காவதைத் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கே ‘காலி’ என்றுதான் இருக்கும்.

லிட்டர் தெரிந்துவிட்டால் உமிழ்வுக் கணக்கு சுலபம். 1 லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பெட்ரோல் என்றால் சுமார் 2.3 கிலோ. ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட எடை இருக்காதே, அதிலிருந்து எப்படி 2.7 கிலோ வரும் என்று பலரும் கேட்பார்கள். டீசலில் இருக்கும் ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் எரியும்போது காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. எடை கூடுவது அதனால்தான். ஒரு வேன் தினம் 80 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 வேன்களுக்கும் நாளைக்கு 24 லிட்டர், 25 நாளுக்கு 600 லிட்டர். மாதம் சுமார் 1.6 டன் உமிழ்வு.

இதில் எவ்வளவு வீண் என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு முறை இப்படியொரு நிறுவனத்தின் வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். காலை 10 மணிக்கு 14 பெட்டிகளோடு வடக்குப் பக்கம் போய்க் காலியாகத் திரும்பினோம். மதியம் 2 மணிக்கு அதே சாலையில், காலையில் இறக்கிய இடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி, ஒரே ஒரு பெட்டி. அந்த ஆர்டர் முந்தின நாள் மாலையே வந்திருக்கிறது, பில் போடத்தான் தாமதம். மாலையில், தவறாகப் போன ஒரு பெட்டியை எடுத்துவர மறுபடியும் அதே பக்கம். டிரைவர் அலுத்துக்கொள்ளக்கூட இல்லை, அவருக்கு அது வழக்கம். அன்றைக்கு ஓடிய தூரத்தில் பாதிக்கு மேல் ஓட வேண்டியதே இல்லை. அந்த வேனை மின்சாரத்தில் ஓட்டியிருந்தாலும் அதே வீண் ஓட்டம்தானே?

உங்கள் நோட்டிலும் இப்படி ஏதாவது அகப்படும். ஆர்டருக்கு ஒரு கடைசி நேரம் வையுங்கள், அதற்குப் பிறகு வருவது மறுநாள் லோடில் போகட்டும். ஒவ்வொரு பகுதிக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் என்று வாடிக்கையாளர்களிடம் பேசிப் பாருங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ‘அவசரம்’ என்று ஆர்டரில் எழுதுவதே பலருக்கும் பழக்கமாகிவிட்டது, கேட்டுப் பார்த்தால் நாளை மறுநாள் வந்தாலும் போதும் என்பார்கள். திரும்பும் வழியில் மொத்த வியாபாரியிடம் எடுக்க வேண்டிய சரக்கை எடுத்துக்கொண்டால் காலி ஓட்டமும் குறையும். சின்னச் சின்ன ட்ரிப்புகளைக் கோத்து ஒரே சுற்றாக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆறிய என்ஜின் சூடாகும்வரை எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், புகையைச் சுத்திகரிக்கும் கருவியும் நன்றாகச் சூடான பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும்.

டயர் காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். பெட்டி இறக்கும்போது என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே டீசல் மிச்சமாகும், ஏனென்றால் வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்.

சரி, மின்சார வேனுக்கு வருவோம். ஒரு மாத நோட்டைப் பார்த்து, தினமும் அதிகம் ஓடும், அதுவும் நெரிசலில் நின்று நின்று ஓடும் வேனை முதலில் மாற்றுங்கள். பேட்டரி தயாரிப்பதிலேயே கணிசமான உமிழ்வு இருக்கிறது. கிலோமீட்டர் ஓட ஓடத்தான் அந்த உமிழ்வுக் கடன் தீரும், ஆகவே வாசலிலேயே நிற்கும் வண்டியை மாற்றிப் பயன் அதிகமில்லை. நின்று நின்று ஓடும்போது பிரேக் பிடிக்கும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சார வண்டி பேட்டரிக்கே திருப்பி அனுப்பிவிடும், டீசல் வண்டியில் அது பிரேக்கில் வெப்பமாகப் போய்விடும்.

மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். ஒரு சிறிய மின்சார வேனுக்கு 80 கிலோமீட்டருக்குச் சுமார் 20 யூனிட் ஆகலாம். முழுக்க நிலக்கரி மின்சாரமென்றால் யூனிட்டுக்குச் சுமார் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 20 கிலோ. அதே தூரத்துக்கு டீசல் 8 லிட்டர், ஏறக்குறைய 22 கிலோ. பெரிய வித்தியாசமில்லை. சூரிய ஒளி, காற்று, நீர் மின்சாரம் கலக்கக் கலக்க இடைவெளி விரியும். சரக்குக் கிடங்கின் கூரையில் சூரியத் தகடு போட இடமிருந்தால், வேன் பகலில் எந்த நேரத்தில் சும்மா நிற்கிறது என்பதையும் நோட்டில் எழுதுங்கள், அந்த நேரத்தில் அதிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது படிவம். நிறுவனங்களின் உமிழ்வுக் கணக்குக்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் பின்பற்றுவது ஜிஹெச்ஜி (பசுமை இல்ல வாயு) புரோட்டோகால் என்ற முறை, 2001-இல் முதல் பதிப்பு வந்தது. அதில் உமிழ்வை மூன்று வட்டங்களாக (‘ஸ்கோப்’) பிரிக்கிறார்கள். உங்கள் வேனில் எரியும் டீசல் முதல் வட்டம், விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. ஊழியர் வந்துபோவது, வாடகை வண்டியில் சரக்கு அனுப்புவது எல்லாம் மூன்றாவது. வேன்களை விற்றுவிட்டு வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தால் முதல் வட்டம் பூஜ்யமாகிவிடும், புகை அப்படியேதான் இருக்கும். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது வட்டத்தில் உங்கள் கைக்கு எட்டுவது அந்த 12 பேரின் பயணம். எதில் வருகிறீர்கள், எவ்வளவு தூரம் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேளுங்கள். பஸ் 6 மணிக்குக் கிளம்பும், வேலை 6:05-க்கு முடியும் என்ற ஒரே காரணத்துக்காகத் தனியாக பைக்கில் வருபவர் ஒருவர் இருக்கலாம். அவருக்குப் பத்து நிமிடம் முன்னால் வேலை முடிந்தால் போதும். இன்னொருவருக்குத் தேவை சைக்கிளைப் பூட்டிவைக்க நிழலான இடம், மற்றொருவருக்கு மின்சார ஸ்கூட்டரை சார்ஜ் போட ஒரு பிளக்.

மரம் நட்டோம், ‘கார்பன் நியூட்ரல்’ (உமிழ்ந்ததை முழுக்க ஈடுகட்டியவர்கள்) ஆகிவிட்டோம் என்று மட்டும் எழுதாதீர்கள். இந்த மாதம் இத்தனை லிட்டர், இத்தனை கிலோமீட்டர், காலி ஓட்டம் இவ்வளவு, இந்தத் தேதியிலிருந்து ட்ரிப்பைக் கோக்கிறோம், அதிகம் ஓடும் வேனை மாற்றப்போகிறோம் என்று உள்ளதை எழுதுங்கள். படிவத்தைத் திருப்பித் தர கெடு நெருங்கியிருந்தால், இப்போதைக்குக் கடந்த ஆண்டின் டீசல் பில்களைக் கூட்டி லிட்டர் கணக்கை மட்டும் அனுப்பிவிட்டு, மீதியை அடுத்த மாதம் தருவதாகக் குறிப்பிடுங்கள்.