ஃபோர்டு ஜிடி40 அடி வாங்கிய இரண்டு வருஷம்: கேள்வி பதில்

1966ல் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் போட்டியில் ஃபோர்டு முதல் மூன்று இடங்களையும் அள்ளியது பலருக்கும் தெரியும். அதற்கு முன் 1964லும் 1965லும் அதே ரேஸ் கார், ஜிடி40, பட்ட பாட்டைப் பற்றித்தான் இந்த முறை உங்களைக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: சார், ஃபெராரி கம்பெனியை விலைக்குக் கேட்டு, என்ஸோ ஃபெராரி மூஞ்சியில் அடித்த மாதிரி மறுத்ததால்தான் ஹென்றி ஃபோர்டின் பேரன் ரேஸில் இறங்கினாராமே. நிஜமா, இல்லை சினிமாக் கதையா?

பேச்சுவார்த்தை நடந்தது நிஜம். 1963 வசந்த காலத்தில் ஃபோர்டு ஆட்கள் இத்தாலிக்குப் போய் கணக்கு வழக்கெல்லாம் பார்த்தார்கள். மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நிலைக்கு வந்தபோது என்ஸோ விலகிக்கொண்டார். அவருக்கு உறுத்திய விஷயம் ரேஸ் டீமின் கட்டுப்பாடு. எந்தப் போட்டிக்குப் போவது, எவ்வளவு செலவு செய்வது என்பதற்கு டெட்ராய்ட்டில் இருந்த ஃபோர்டு மேலிடத்திடம் அனுமதி கேட்க அவர் தயாராக இல்லை.

ஆனால் கோபம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். 1957ல் அமெரிக்கக் கார் கம்பெனிகள் தங்களுக்குள் ரேஸ் வேண்டாம் என்று ஓர் உடன்பாடு போட்டிருந்தன. 1962ல் ஃபோர்டு அதிலிருந்து வெளியே வந்துவிட்டது. இளைஞர்களிடம் கார் விற்க ரேஸ் வெற்றி தேவை என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். ஃபெராரியை வாங்கியிருந்தால் அது குறுக்கு வழியாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

கே: ஃபோர்டிடம் இல்லாத பணமா, இன்ஜினியரா? எதற்கு இங்கிலாந்தில் போய் கார் செய்தார்கள்?

பணம் இருந்தது. நடுவில் இன்ஜின் வைத்த, நீண்ட தூரம் ஓடும் ரேஸ் கார் செய்த அனுபவம் இல்லை. இங்கிலாந்தில் எரிக் பிராட்லி என்பவர் லோலா என்ற சின்ன கம்பெனி நடத்தினார். அவர் செய்த லோலா எம்கே6 காரில் ஃபோர்டின் வி8 இன்ஜினே நடுவில் உட்கார்ந்திருந்தது. 1963 லே மானில் ஓடி விபத்தில் வெளியேறினாலும், ஃபோர்டுக்குத் தேவையான முன்மாதிரி கிடைத்துவிட்டது. பிராட்லியை ஒப்பந்தத்தில் பிடித்தார்கள். ஃபோர்டின் தரப்பில் ராய் லன் என்ற இன்ஜினியர். ரேஸ் டீமை நடத்த ஜான் வயர். 1959ல் ஆஸ்டன் மார்ட்டின் லே மான் ஜெயித்தபோது அதன் பின்னால் இருந்தவர் இவர்தான். லண்டனுக்கு மேற்கே ஸ்லவ்வில் பட்டறை.

நல்ல ஆட்கள்தான். ஆனால் ஒப்பந்தம் போட்டு ஒரு வருஷம் ஆவதற்குள் கார் லே மானில் நிற்க வேண்டும் என்றார்கள். என் கணக்கில் 1964ன் பாதித் தோல்வி அந்தக் கெடுவிலேயே எழுதப்பட்டுவிட்டது.

கே: பெயரில் உள்ள 40 என்ன? குதிரைத்திறனா?

உயரம். தரையிலிருந்து கூரை வரை சுமார் 40 அங்குலம். குதிரைத்திறன் 350ஐ ஒட்டி இருந்தது.

கே: அண்ணா, முதல் டெஸ்ட்டிலேயே இரண்டு காரும் நொறுங்கியதாகக் கேள்விப்பட்டேன். டிரைவர் தப்பா, கார் தப்பா?

கார் தப்பு, தம்பி. 1964 ஏப்ரலில் லே மானில் ஒரு சோதனை வார இறுதி உண்டு. அங்கே ஜோ ஷ்லெஸரும் ராய் சால்வடோரியும் ஆளுக்கு ஒரு காரில். அந்தத் தடத்தில் முல்சான் என்ற நேர்ச்சாலை ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளம், அந்த வேகத்தில் காரின் பின்பக்கத்தைக் காற்று தூக்கியது. பின் டயருக்குப் பிடிப்பு இல்லையென்றால் ஸ்டியரிங்கைப் பிடித்து என்ன செய்வது? இரண்டு காரும் அடிபட்டன, ஷ்லெஸரின் கார் கிட்டத்தட்ட உருக்குலைந்தது. இரண்டு பேரும் உயிரோடு வெளியே வந்ததே பெரிய விஷயம். சால்வடோரி அதோடு டீமை விட்டு விலகிவிட்டார்.

தீர்வு என்ன தெரியுமா? பின்பக்க விளிம்பில் மேல் நோக்கி மடித்த ஒரு சின்னத் தகடு, இன்று எல்லோரும் ஸ்பாய்லர் என்கிறார்களே, அதுதான். அதை வைத்ததும் கார் நேராக ஓடியது. காற்றுச் சுரங்கத்தில் மாதிரி வைத்துப் பார்த்தும் இது முன்பே பிடிபடவில்லை. கொஞ்ச நாள் சாவகாசமாக ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கே: 1964 லே மானில் என்ன நடந்தது? மெதுவாக இருந்ததா கார்?

மெதுவா? இரண்டாவது சுற்றிலேயே ரிச்சி கிந்தர் ஃபெராரிகளைத் தாண்டி முதலிடத்துக்குப் போனார், பெட்ரோல் போட பிட்டுக்கு வரும்வரை விடவில்லை. பிற்பாடு ஃபில் ஹில் சுற்று வேக சாதனையும் வைத்தார். வேகம் இந்தக் காருக்கு ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததே இல்லை. ஓடி முடிப்பதுதான் பிரச்சினை.

லே மானுக்கு முன்பே, மே கடைசியில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் போட்டி. ஃபில் ஹில்லும் புரூஸ் மெக்லாரனும் தகுதிச்சுற்றில் இரண்டாம் இடம். போட்டியில் பாதி தூரம்கூடப் போகாமல் சஸ்பென்ஷன் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து லே மானுக்கு மூன்று கார் வந்தன. ரிச்சர்ட் அட்வுட் ஓட்டிய கார் எரிபொருள் குழாய் விட்டுப்போய்த் தீப்பிடித்தது. கிந்தரும் மாஸ்டன் கிரெகரியும் ஓட்டிய காரின் கியர்பாக்ஸ் போனது. ஹில் - மெக்லாரன் கார் மட்டும் இரவைத் தாண்டியது, அதிகாலையில் அதற்கும் கியர்பாக்ஸ். ஃபெராரி 1, 2, 3.

இரண்டே வாரத்தில் ரீம்ஸில் 12 மணி நேரப் போட்டி. மூன்று கார் போய் மூன்றும் முடிக்கவில்லை. வருஷக் கடைசியில் பஹாமாஸில் நசாவ், அங்கேயும் அதே கதை. ஒரு போட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் எதையும் சரியாகத் திருத்த நேரமே கொடுக்கவில்லை. தோற்ற காரைத் துடைத்து மறுபடி அனுப்பியது போலத்தான் இருந்தது.

கே: திரும்பத் திரும்ப கியர்பாக்ஸே ஏன் போனது? நான் மெக்கானிக், கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

உங்களுக்கென்றால் சொல்லலாம். பின்னால் இருந்தது இத்தாலிய கொலோட்டி பெட்டி, நாலு கியர். அன்று வெளியே வாங்கக் கிடைத்த ரேஸ் கியர்பாக்ஸ்கள் பெரும்பாலும் சின்ன ஐரோப்பிய இன்ஜின்களை மனதில் வைத்துச் செய்தவை. அமெரிக்க வி8ன் முறுக்குவிசை வேறு ரகம், கீழ் வேகத்திலேயே மொத்தமாக இறங்கும். லே மானில் முல்சான் முனையில் உச்ச வேகத்திலிருந்து முதல் கியர் வரை இறக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும், முன்னூறு தடவைக்கு மேல். டிரைவர் களைத்துப்போய் ஒரு தடவை அவசரப்பட்டுக் கியரைத் தள்ளினாலும் பல் போய்விடும். பிறகு சின்ன இன்ஜின் கார்களுக்கு ஜெர்மனியின் இசட்எஃப் ஐந்து கியர் பெட்டி வந்தது. பின்னால் வந்த 7 லிட்டர் இன்ஜின் காருக்கோ ஃபோர்டு தானே ஒரு பெட்டி செய்துகொண்டது, உள்ளே இருந்தவை பெரிய செடான் கார்களுக்குப் போடும் கனமான கியர்கள். நாலே கியர், எடை அதிகம். ஆனால் ஒருவழியாகத் தாங்கியது.

கே: அதே 1964ல் அமெரிக்கக் கார் தயாரிப்பாளர் கரோல் ஷெல்பியின் கோப்ரா கார் நாலாவது வந்ததாமே. அதுவும் ஃபோர்டு இன்ஜின்தானே?

அதேதான்! டான் கர்னியும் பாப் பாண்டுராண்டும் ஓட்டிய டேடோனா கூபே, கோப்ராவின் கூரை மூடிய வடிவம். முன்னால் இன்ஜின், பழைய பாணிச் சட்டம், கலிஃபோர்னியாவில் ஒரு சின்னப் பட்டறையில் வடிவமைத்தது. ஒட்டுமொத்தமாக நாலாவது, ஜிடி பிரிவில் முதலிடம். கோடிக்கணக்கில் கொட்டிய கார் ஓரமாக நிற்க, ஷெல்பியின் வண்டி 24 மணி நேரமும் ஓடி முடித்தது. டெட்ராய்ட்டில் இதை யாரும் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. வருஷக் கடைசியில் ஜிடி40 பொறுப்பு கரோல் ஷெல்பிக்குப் போனது.

கே: ஷெல்பி வந்ததும் என்ன மந்திரம் போட்டார்?

மந்திரம் ஒன்றும் இல்லை. ஷெல்பியின் டெஸ்ட் டிரைவர் கென் மைல்ஸ் நாள் முழுக்க ஓட்டுவார், எது சரியில்லை என்று வந்து சொல்வார், இன்ஜினியர் ஃபில் ரெமிங்டன் அதைத் திருத்துவார், மைல்ஸ் மறுபடி ஓட்டுவார். இண்டியானாபோலிஸுக்காகச் செய்த 4.2 லிட்டர் அலுமினிய இன்ஜினை எடுத்துவிட்டு கோப்ராவில் அடிபட்டுத் தேறிய 4.7 லிட்டர் இரும்பு இன்ஜினைப் போட்டார்கள். கம்பிச் சக்கரத்துக்குப் பதில் அகலமான மெக்னீசியம் சக்கரம். உள்ளே காற்று போகும் வழிகளைச் சரி செய்தார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனா 2000 கிலோமீட்டர் போட்டியில் மைல்ஸும் லாயிட் ரூபியும் ஜெயித்தார்கள். ஜிடி40க்கு முதல் வெற்றி அது. அடுத்த மாதம் அங்கேயே செப்ரிங் 12 மணி நேரப் போட்டியில் இரண்டாம் இடம்.

கே: பிறகு ஏன் 1965 லே மானிலும் மண்ணைக் கவ்வினார்கள்? ‘ஃபோர்டு வெர்ஸஸ் ஃபெராரி’ படத்தில் கென் மைல்ஸை அங்கே கூட்டிப் போகாததுதான் காரணம் என்று காட்டினார்களே.

அது படத்துக்காக. 1965ல் மைல்ஸ் லே மானில் இருந்தார், மெக்லாரனோடு சேர்ந்து 7 லிட்டர் காரை ஓட்டினார். பழைய வியாதி மறுபடி தலைதூக்கியதுதான் காரணம். ஏப்ரலுக்குப் பிறகு திடீரென்று 7 லிட்டர் இன்ஜின் யோசனை. அவசர அவசரமாக இரண்டு கார் தயாரித்து நேராக லே மானுக்கு அனுப்பினார்கள். தகுதிச்சுற்றில் ஃபில் ஹில் ஃபெராரியைவிட சுமார் 5 விநாடி வேகம். எல்லோரும் அசந்துபோனார்கள். போட்டியில்? பெரிய கார் இரண்டும் கியர்பாக்ஸ், கிளட்ச் கோளாறில் விழுந்தன. சின்ன இன்ஜின் கார்களில் சிலவற்றுக்கு சிலிண்டர் ஹெட் கேஸ்கட் போனது. ஆறு ஜிடி40 கிளம்பி, நள்ளிரவுக்கு முன் ஆறும் வெளியே.

இதில் ஒரு கூத்து. ஃபெராரியின் சொந்த டீம் கார்களும் பிரேக் டிஸ்க் வெடித்துத் திணறின. ஃபோர்டு தாக்குப்பிடித்திருந்தால் அன்றே ஜெயித்திருக்கலாம். கடைசியில் ஜெயித்தது ஒரு அமெரிக்கத் தனியார் டீமின் ஃபெராரி 250 எல்எம். ஓட்டியவர்கள் யோஹன் ரிண்ட்டும், முந்தின வருஷம் ஃபோர்டில் கியர்பாக்ஸ் போய் நின்ற அதே மாஸ்டன் கிரெகரியும். ஃபெராரி அடுத்து லே மானில் ஒட்டுமொத்தமாக ஜெயித்தது 2023ல்தான்.

கே: 1966க்கு முன் உருப்படியாக என்ன செய்தார்கள்?

வருஷம் முழுக்கச் சோதனை. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் ரேஸைவிட சுவாரசியமான பகுதி இதுதான். லே மான் சுற்று ஒன்றில் இன்ஜின் எங்கே எவ்வளவு சுழல்கிறது, எங்கே கியர் மாறுகிறது என்று பதிவு செய்து, அதையே டெட்ராய்ட்டில் டைனமோமீட்டர் என்ற இன்ஜின் சோதனை இயந்திரத்தில் ஓடவிட்டார்கள். ஆள் இல்லாமல் இயந்திரமே கியர் மாற்றும். இன்ஜினும் கியர்பாக்ஸும் அறைக்குள்ளேயே லே மான் ஓடி முடிக்க வேண்டும். உடைந்தால் ஏன் என்று பார்த்து மறுபடி ஓட்டு.

அப்புறம் பிரேக். 7 லிட்டர் கார் கனம், 320 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் டிஸ்க் சிவக்கச் சிவக்கக் காயும், பிறகு நேர்ச்சாலையில் குளிரும், மறுபடி காயும். விரிசல் விடாமல் என்ன செய்யும்? 24 மணி நேரம் தாங்கும் டிஸ்க் செய்வதைவிட, பிட்டில் சட்டென்று மாற்றக்கூடிய டிஸ்க் செய்வது சுலபம் என்று ரெமிங்டன் வழி கண்டுபிடித்தார். எதிர் டீம்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தன. ஒன்றும் செய்ய முடியவில்லை.

1966ல் டேடோனா 24 மணி நேரம், செப்ரிங், லே மான் மூன்றும் ஃபோர்டுக்கு.

கே: கென் மைல்ஸுக்கு லே மானில் துரோகம் செய்தார்கள்தானே?

மூன்று காரும் சேர்ந்து கோட்டைத் தாண்டட்டும் என்று மேலிடம் சொன்னது, முன்னால் போய்க்கொண்டிருந்த மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். ஆனால் சமன் என்பதற்கு விதியில் இடமில்லை. மெக்லாரனின் கார் கிளம்பும்போது பின்னால் நின்றிருந்ததால் சில மீட்டர் கூடுதலாக ஓடிய கணக்கில் அவருக்கும் கிறிஸ் ஏமனுக்கும் வெற்றி. அந்த வருஷம் டேடோனா, செப்ரிங் இரண்டையும் மைல்ஸ் ஜெயித்திருந்தார். திட்டமிட்ட துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். புகைப்படத்துக்கு ஆசைப்பட்டுச் செய்த முட்டாள்தனம். ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு ரேஸ் தடத்தில் அடுத்த காரைச் சோதிக்கும்போது மைல்ஸ் இறந்துபோனார். அதனால்தான் இது இன்னும் வலிக்கிறது.

கே: ஜான் வயரை ஓரங்கட்டினார்களே, அவர் என்ன ஆனார்?

நல்ல கேள்வி, இவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1967 லே மானை கர்னியும் ஃபாய்ட்டும் ஜெயித்துக் கொடுத்ததும் ஃபோர்டு கடையைக் கட்டியது. அடுத்த வருஷத்திலிருந்து பெரிய இன்ஜினுக்கும் தடை வந்துவிட்டது. ஸ்லவ் பட்டறையை வயர் தன் பங்காளியோடு எடுத்துக்கொண்டு, கல்ஃப் எண்ணெய்க் கம்பெனியின் வெளிர் நீலம், ஆரஞ்சு வண்ணத்தில் பழைய சின்ன இன்ஜின் ஜிடி40களையே ஓட்டினார். 1968 லே மானை பெட்ரோ ரோட்ரிகஸும் லூசியன் பியான்கியும் ஜெயித்தார்கள். 1969ல் ஜாக்கி இக்ஸும் ஜாக்கி ஆலிவரும், போர்ஷேயைவிட நூறு மீட்டர் சொச்சம் முன்னால். இரண்டு வருஷமும் ஓடியது ஒரே கார், சேஸிஸ் எண் 1075.