சைட்டை விற்க வேண்டாம், அந்தத் துணிச்சுருளைப் பாருங்கள்

மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று ஆலோசனை கேட்டு, போன மாதம் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா இருபது தையல் மிஷின் போட்டு பவர் டேபிள், அதாவது பனியன் தைத்துக் கொடுக்கிற யூனிட், நடத்துகிறார். அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே பெரியப்பா. மகள் வாயே திறக்கவில்லை, பேசியதெல்லாம் பெரியப்பாதான். "கோயமுத்தூர்ல ஏ.ஐ. படிப்புக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசியாச்சுங்க. பல்லடம் பக்கம் ஒரு சைட் சும்மா கெடக்குது, அதைக் குடுத்தாப் போதும். புள்ளைதான் படம் வரையோணும்னு அடம் புடிக்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க, பேசிக்கலாம்" என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அதற்குள் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து மேசையில் விரித்தாள்.

பனியன் துணி. விரல் அகலத்துக்குக் கிழித்த கட்டிங் வேஸ்ட்டை நீளமாகத் தைத்துச் சேர்த்திருக்கிறாள். வெள்ளியங்கிரி அடிவாரம், சூலூர், மங்கலம், ஒரத்துப்பாளையம் என்று நொய்யல் போகிற வழியெல்லாம் போய், ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டை ஆற்றில் ஊறப்போட்டுக் காய வைத்தது. மலையடிவாரத்துத் துண்டு கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கிறது. ஒரத்துப்பாளையத் துண்டு பழுப்பேறி, ஓரத்தில் உப்புப் பூத்து மொரமொரவென்று நிற்கிறது. பனியன் கழுத்தில் தைப்பார்களே சைஸ் லேபிள், அதே மாதிரி துண்டுக்கு ஒரு லேபிள் வைத்து, இடமும் தேதியும் எழுதியிருந்தாள்.

"இதைப் பார்த்திருக்கீங்களா?" என்று அப்பாவைக் கேட்டேன். "வேஸ்ட் துணிய எதுக்குத் தூக்கீட்டுப் போறேன்னு திட்டியிருக்கேனுங்க" என்றார்.

அதோடு ஆறுதல் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். அன்றைக்கு அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

முதலில் சைட். விற்காதீர்கள். ஏ.ஐ. நல்ல படிப்புதான், ஆசைப்பட்டு வருகிற பிள்ளைக்கு. சொந்தக்காரர் சொன்னார் என்று சேர்த்துவிட்ட பிள்ளைகள் மூன்றாம் வருடம் கைநிறைய அரியரோடு இதே நாற்காலியில் வந்து உட்காருவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்போது சைட்டும் இருக்காது. ஃபேஷன், ஆர்க்கிடெக்சர், அனிமேஷன் எல்லாம் பெரியப்பாவே விசாரித்து வைத்திருப்பார், அதற்குள் நான் போகவில்லை.

உங்கள் மகள் செய்திருப்பது படம் வரைகிற வேலையே இல்லை. சூழலைப் பொருளாக எடுத்துக்கொள்கிற சமகாலக் கலை அது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை எப்படிச் சாயக்கழிவுத் தொட்டியானது என்பது உங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊரே தவித்ததும் தெரியும். அந்த விவகாரத்தை ஒரு பதினேழு வயதுப் பெண் நான்கு முழத் துணியில் சொல்லிவிட்டாள்.

உலகத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டார்கள். எல் அனாட்சுய் என்று ஒருவர். கானாவில் பிறந்து, நைஜீரியாவில் நுசுக்கா பல்கலைக்கழகத்தில் பல வருடம் சிற்பம் சொல்லிக்கொடுத்தவர். ஒருநாள் வழியில் ஒரு மூட்டை சாராயப் பாட்டில் மூடி கிடைத்தது. அதைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் கோத்தார். ஆயிரக்கணக்கான மூடிகள் சேர்ந்து துணி மாதிரி மடிந்து விழும். பீஸ் பீஸாகத் தைத்துச் சேர்ப்பது உங்கள் டேபிளில் நடக்கிற வேலைதான். 2015இல் வெனிஸ் பினாலேவில், அதாவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற பெரிய கலைக் கண்காட்சியில், வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது வாங்கினார். 2023இல் லண்டன் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் அவர் வேலைதான் தொங்கியது. ஆனால் அத்தனை வருடமும் மாதச் சம்பளம் வந்தது வாத்தியார் வேலையில்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

நம் நாட்டில் ரவி அகர்வால் இருக்கிறார். டெல்லிக்காரர். யமுனையைப் பல வருடம் படம்பிடித்தவர், அப்புறம் புதுச்சேரிப் பக்கத்து மீனவர்களோடு பழகி, சங்கப் பாட்டின் திணைகளை வைத்துக் கடலைப் பற்றி வேலை செய்தார். அவர் படித்தது இன்ஜினியரிங். "பாத்தீங்களா!" என்றார் பெரியப்பா. பார்த்தேன். படித்துவிட்டு இங்கேதான் வந்து சேர்ந்தார் என்பதையும் பார்த்தேன்.

சரி, எங்கே படிப்பது? சென்னை எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தொடங்கியது. பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் தினமும் ஆயிரம் பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான்கு வருட பி.எஃப்.ஏ., அதாவது கவின்கலை இளங்கலைப் பட்டம். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, விஷுவல் கம்யூனிகேஷன் தவிர, செராமிக், டெக்ஸ்டைல் என்று இரண்டு பிரிவுகள் உண்டு. இந்தப் பெண்ணுக்கு நான் டெக்ஸ்டைலைத்தான் சொல்வேன். நூலும் சாயமும் அவள் பிறந்த வீட்டுச் சமாச்சாரம். சாயம் எப்படித் துணியில் ஏறுகிறது, எது கழுவினால் ஆற்றுக்குப் போகிறது என்பதைக் கையால் தெரிந்துகொண்டால்தான் நாளைக்கு அவள் வேலையில் கனம் வரும். பக்கத்து அறையில் மண் பிசைகிறவர்கள், செதுக்குகிறவர்கள் எல்லாம் இருப்பார்கள். அந்தச் சகவாசத்தைத் தனியார் கல்லூரியில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

சோறு போடுமா என்ற கேள்வி அந்தக் கல்லூரிக்குப் புதிதில்லை. அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் துணியில் பாத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றும் வேலை) போட்டு விற்றுக் காசு சேர்த்து, ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். துணிதான் அவர்களையும் காப்பாற்றியது.

இப்போது வழிகள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. கொச்சி பினாலேயோடு மாணவர் பினாலே நடக்கிறது. பெங்களூரு சயின்ஸ் கேலரியில் கார்பனை வைத்தே ஒரு முழுக் கண்காட்சி போட்டார்கள், வருகிறவர்களுக்கு விளக்க இளைஞர்களை மீடியேட்டராக எடுக்கிறார்கள். அதே ஊரில் இருக்கிற இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலைஞர்களுக்குத் தருகிற நல்கைக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். இதில் எதுவும் முதல் மாதமே ஐ.டி. சம்பளம் தராது. படித்து முடித்தபின் இரண்டு வருடம் வீட்டுக்குப் பணம் கேட்காமல் இருக்க முடியுமா என்று அம்மாவிடமே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முடியும் என்றார். முடியாது என்று சொல்லியிருந்தால் நான் வேறு கணக்குப் போட்டிருப்பேன்.

செலவைப் பற்றி ஒன்று. அரசுக் கட்டணம் பயமுறுத்தாது, விடுதியும் பொருள்களும்தான் கடிக்கும். மாதாமாதம் ஒரு தொகையை இப்போதே ஒதுக்குங்கள், கடன் வேண்டாம்.

மகளுக்கும் ஒரு கண்டிப்பு. உன் துணிச்சுருள் அருமை, உன் கோடு சுமார். சேர்க்கைக்குக் கையால் வரைந்து காட்ட வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டில் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆட்களை வரை. கும்பகோணம் கல்லூரிக்கும் சேர்த்தே விண்ணப்பம் போடு.

மூன்று ஸ்கெட்ச் புக் நிரம்பியதும் மறுபடி வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். பெரியப்பாவும் வரலாம். அடுத்த முறை மகள் பேசி முடித்தபிறகு அவர் பேசட்டும்.