கட்டிலால விழுந்த பிள்ளையை நித்திரை கொள்ள விடலாமா?

கேள்வி: டொக்டர், எங்கட மகனுக்கு 9 மாசம். நேற்றுப் பின்னேரம் நான் குசினிக்குள்ள பால் கரைக்கப் போன ரெண்டு நிமிஷத்தில கட்டிலால உருண்டு டைல்ஸ் நிலத்தில விழுந்திட்டான். உடன வீரிட்டு அழுதான், நெத்தியில தேசிக்காய் அளவு வீங்கிட்டுது. அம்மம்மா நித்திரை கொள்ள விடாத எண்டு ராத்திரி 10 மணி மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தா, பிள்ளை களைச்சுப் போய்க் கத்தினதுதான் மிச்சம். இப்ப விளையாடுறான், ஆனா எனக்கு மனசு ஆறேல்ல. ஸ்கேன் எடுக்கோணுமா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: முதல்ல உங்களைத் திட்டிக்கொள்ளுறதை நிப்பாட்டுங்கோ அம்மா. இந்த வயசில உடம்போட பாக்கேக்க தலைதான் பாரம், அதால எங்க விழுந்தாலும் தலைதான் முந்திப் போய் அடிபடும்.

வீக்கத்தின்ர அளவைப் பார்த்துப் பயப்பிடாதீங்கோ, அது எந்த இடத்தில எண்டுதான் பாக்கோணும். நெத்தியில ரத்தக்குழாய் கனக்க, சின்ன அடிக்கே பொசுக்கெண்டு புடைச்சு வந்திடும், எலும்பும் அங்க தடிப்பு. ஆனா காதுக்கு மேலயோ பிடரிப் பக்கமோ தொட்டா மெத்தெண்டு அமுங்குற மாதிரி வீங்கியிருந்தா, ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை எண்டா, எவ்வளவு சிரிச்சு விளையாடினாலும் அண்டைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கோ. காதுக்கு மேல எலும்பு மெல்லிசு, அதுக்குள்ளால ஒரு ரத்தக்குழாய் ஓடுது, எலும்பு வெடிச்சு அது கிழிஞ்சா பிள்ளை கொஞ்ச மணித்தியாலம் நல்லா இருந்திட்டு அதுக்குப் பிறகுதான் சோர்ந்து போகும். விழுந்து முதல் 4 - 6 மணித்தியாலம் கண் எடுக்காமப் பாக்கச் சொல்லுறது இதுக்குத்தான், பிறகும் ரெண்டு நாளுக்கு ஒரு கண் இருக்கட்டும்.

இப்ப அம்மம்மாவின்ர கதைக்கு வருவம். நித்திரையால மூளைக்கு ஒரு கெடுதியும் வராது. அவ பயந்ததிலயும் ஞாயம் இருக்கு, நித்திரையா மயக்கமா எண்டு பார்த்துச் சொல்ல ஏலாதுதானே. வழக்கமாப் படுக்கிற நேரம் எண்டா படுக்க விடுங்கோ, முதல் ராத்திரி ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மெல்லத் தட்டிப் பாருங்கோ, சிணுங்கி உங்கட கையைத் தள்ளிவிட்டிட்டுத் திரும்பிப் படுத்தான் எண்டா போதும். எழுப்பிறதுக்கு எண்டு பிள்ளையைப் பிடிச்சுக் குலுக்க மட்டும் வேண்டாம், அந்தக் குலுக்கலே மூளைக்குள்ள ரத்தம் கசிய வைக்கும்.

எழுப்ப எழும்பேல்ல, விழுந்தவுடன நினைவு தப்பினது, வலிப்பு, திருப்பித் திருப்பிச் சத்தி, காதாலயோ மூக்காலயோ தண்ணி மாதிரியோ ரத்தமோ வடியுது, ஒரு கண்மணி பெரிசு மற்றது சின்னன், உச்சிக்குழி பொம்மி நிக்குது, ஒரு கையையோ காலையோ அசைக்கிறான் இல்லை, தூக்கி வைச்சும் அழுகை அடங்குதில்லை, இதில ஒண்டு இருந்தாலும் யோசிச்சுக்கொண்டு நிக்காம 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், இல்லாட்டி நேர பொரளை ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. 3 மாசத்துக்கு உட்பட்ட பிள்ளை விழுந்தாலும், 2 வயசுக்குள்ள பிள்ளை 3 அடிக்கு மேல இருந்து விழுந்தாலும், ஒரு அறிகுறியும் இல்லாட்டிலும் காட்டத்தான் வேணும்.

ஸ்கேன் கேட்டீங்கள். சீடி ஸ்கேன் எண்டா கதிர்வீச்சு, சின்னப் பிள்ளையளுக்கு அதால வாற கெடுதி பெரியாக்களை விடக் கூட, அதால டொக்டர் பிள்ளையைப் பார்த்திட்டு தேவை எண்டாத்தான் எடுப்பார். நீங்க எழுதினபடி பாத்தா தேவைப்படாது போலதான் தெரியுது, ஆனா ஒரு வயசு ஆகாத பிள்ளை, மனசும் ஆறேல்ல எண்டுறீங்கள், ஒருக்கா நேரில காட்டிடுங்கோ.

ஐஸைத் துணியில சுத்தி 10 நிமிஷம் வைக்கலாம். சித்தாலேப தைலம் பூசி அமத்தித் தேய்க்காதீங்கோ. நோவுக்கு பனடோல் சிரப், நிறையைப் பார்த்து, ஒரு தரத்துக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். டிஸ்பிரின் சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்கவே கூடாது.

கேள்வி: மாமி மகளுக்கு வோக்கர் வாங்கித் தந்திருக்கிறா, கெதியா நடப்பாளா?
- கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: இல்லை, பிந்தத்தான் செய்யும். படியால வோக்கரோட உருண்டு மண்டை வெடிக்கிற பிள்ளையள் இருக்கிறபடியாத்தான் கனடா 2004இல அதைத் தடையே செய்தது. மாமியின்ர மனசு நோகாம எடுத்து வைச்சிடுங்கோ, நிலத்தில பாய் விரிச்சு விட்டா அவ தானா எழும்பி நடப்பா.